தந்தமில்லாத யானை

வியாசர்பாடி, சென்னை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் மூண்டதிலிருந்து, பர்மா எல்லையோரத்து உன் மோரேயிலிருந்து எது வந்தாலும் 'நலம்' என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றதைப் படிக்கிறேன். இம்முறை பேரன் பிறந்த செய்தி முதல் வரியிலேயே இருந்ததால் அந்த வேலை மிச்சம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேத்தியை பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட அழைத்துப் போனேன். ரங்கூனில் அந்தச் சொல்லுக்குக் கையால் பிசைந்தது என்பதுதான் பொருள். இஞ்சியையும் பிசைவார்கள், ஊறவைத்த தேயிலையையும் பிசைவார்கள். இங்கே அது நூடுல்ஸ் ஒன்றுக்கே பெயராக நின்றுவிட்டது. புளிக்கரைசல், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் உடன் கொடுத்த வாழைத்தண்டு சூப்பை வாயில் வைத்ததும் சிரித்துவிட்டேன். ரங்கூனில் நாம் குடித்த மீன் நூடுல்ஸ் சூப், நம் மொய்ங்காதான் அது. மீனும் எலுமிச்சைப் புல்லும் விடைபெற்றுப் போக, வாழைத்தண்டு மட்டும் கடல் கடந்து வந்து பிழைத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று கடைப் பையனைக் கூப்பிட, என்னையறியாமல் உதட்டைக் குவித்து, அந்நாளில் டீக்கடைகளில் அழைப்போமே, அந்த முத்தச் சத்தத்தை எழுப்பிவிட்டேன். பையன் முறைத்தான். பேத்தி வெட்கத்தில் தலை குனிந்துகொண்டாள். ரங்கூனில் அதுதான் மரியாதையான அழைப்பு என்று வீடு வரும்வரை விளக்கியும் அவள் நம்பவில்லை.

1964 மார்ச்சில் அப்பாவின் துணிக்கடையை அரசு எடுத்துக்கொண்டதும், மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் நீ அறிந்தவையே. பர்மாவை விட்டுக் கிளம்பிய நாளில் துறைமுகத்தில் சோதனை போட்டவர் அம்மாவின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வெறும் விறகென்று நினைத்தோ என்னவோ, பர்மியர் முகத்தில் இழைத்துப் பூசும் 'தனக்கா' மரக்கட்டையை மட்டும் திருப்பித் தந்தார். சென்னையில் அம்மா அதைச் சந்தனக்கல்லில் இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு தெருவில் இறங்கினால், 'பர்மாக்காரி' என்பார்கள். அங்கே நம்மைக் 'கலா', அதாவது அந்நியர், என்றார்கள். உன் அப்பாவுக்கு இந்த ஊர் பிடிக்காமல், தரைவழியாகவே திரும்பிவிடலாம் என்று கிளம்பி, எல்லையில் மறிக்கப்பட்டு, அப்பாலிருக்கும் பர்மிய ஊரான தாமுவைக் கண்ணால் பார்க்கும் தூரத்திலேயே குடிசை போட்டதை நினைத்தால், மோரேத் தமிழர்கள் அனைவரும் அறுபது ஆண்டுகளாக பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போலவே எனக்குத் தோன்றுகிறது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

ரங்கூன் ஷ்வேடகோன் புத்தர் கோபுரத்தடியில், அவரவர் பிறந்த கிழமைக்கு நீரூற்றி வணங்க, கிழமைக்கொரு விலங்குச் சிலை இருந்ததே, நினைவிருக்கிறதா? பர்மியர் புதன்கிழமையை நண்பகலில் இரண்டாக வெட்டியதால் கிழமைகள் எட்டு. நாம் இருவருமே புதன் பிறப்பு. நீ காலையில் பிறந்தவன் என்பதால் உனக்குத் தந்தமுள்ள யானை. எனக்கோ மாலை யானை, தந்தமில்லாதது. அந்தப் பெருமையில் நீ உன் யானைக்கு நீரூற்றிவிட்டு, மிச்சத்தை என் தலையில் ஊற்றுவாய்.

பேரன் பிறந்தது புதன்கிழமை என்று எழுதியிருக்கிறாய். நண்பகலுக்கு முன்பா, பின்பா? அதை மட்டும் ஏன் எழுதாமல் விட்டாய்?

இப்படிக்கு,
மாலை யானை