கடைசி செக்ஷனைப் பிரிக்கும் முன்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு செக்ஷன் பிரிப்பீர்கள். பல பள்ளிகளில் மார்க் வாங்குகிற பிள்ளைகள் ‘ஏ’ செக்ஷனுக்குப் போகிறார்கள். கட் அடிக்கிறவன், கை நீட்டுகிறவன், சாரையே எதிர்த்துப் பேசுகிறவன் எல்லாரும் கடைசி செக்ஷனில் வந்து சேர்கிறார்கள். மற்ற பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாது என்பது நியாயமான கவலைதான். ஆனால் அந்தப் பையன்கள் ஒருவரை ஒருவர் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற ஊர்களில் 1939-இல் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. 506 சிறுவர்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்து, காசு சுண்டி, ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர், டியூஷன், வைத்தியம் என்று சில வருடங்கள் உதவினார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். உதவி பெற்றவர்கள் தேறியிருக்கவில்லை. சில விஷயங்களில் மற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். 1999-இல் இன்னும் துருவியபோது, அந்தக் கெடுதல் கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் பளிச்சென்று தெரிந்தது. தங்களைப் போன்ற பையன்களோடு சேர்ந்து இருந்ததுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். வம்புப் பேச்சுக்குக் கூட்டாளி சிரித்தால் போதும், அதுவே பாராட்டு. நாளடைவில் பேச்சு செயலாகிவிடும். நல்ல மனசோடு செய்த காரியத்துக்கே இந்தக் கதி!

“ரத்தத்துலயே இருக்கு சார், அப்பன் எப்படியோ அப்படித்தான்” என்று ஆசிரியர் அறையில் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த 51 ஆய்வுகளை 2002-இல் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இத்தகைய நடத்தையில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் 41 சதவீதம் மரபணுவால் வருவது. ஒரு பையனுக்குள் 41 சதவீதம் ரவுடித்தனம் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. மீதி வேறுபாடு வளர்ப்பிலும் சுற்றுச்சூழலிலும் இருக்கிறது. அப்புறம், மரபணு பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான் வேலை செய்கிறது: பிறவியிலேயே துறுதுறுப்பான, பயம் குறைந்த பையன் தன்னைப் போன்றவர்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறான். அவன் தேட வேண்டிய வேலையைக்கூட மிச்சப்படுத்தி, நாற்பது பேரை நாமே ஒரே அறையில் உட்கார வைத்துக் கொடுக்கிறோம்.

பதின்வயதில் வம்பு செய்கிறவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் தானாக அடங்கிவிடுகிறார்கள் என்று டெரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993-இலேயே எழுதினார். அதுவரை டீசி, போலீஸ் கேஸ் என்று எதிலும் சிக்காமல் அவர்களைக் கரை சேர்க்க வேண்டும்.

ஆகவே இந்த வருடம் அவர்களை எல்லா செக்ஷனுக்கும் இரண்டு மூன்று பேராகப் பிரித்துப் போடுங்கள். சாயங்கால ஸ்பெஷல் கிளாஸிலும் அதே கூட்டத்தைத் தனியாக உட்கார வைக்க வேண்டாம். கபடிக்கும் வாலிபாலுக்கும் எல்லா செக்ஷன் பிள்ளைகளையும் கலந்து விடுங்கள், பி.டி. சார் கூடவே நிற்கட்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொல்லும்போது ‘ஏ’ செக்ஷன் அப்பா அம்மாக்கள் சத்தம் போடத்தான் செய்வார்கள். அப்போது உங்கள் பக்கம் நின்று பேச நாங்கள் சில பேர் வருகிறோம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா