நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
புரட்டாசி

அடியே வாலு,

ஆறு மாதமாக உன் மெசேஜுக்கு ‘ம்’ கூடப் போடாதவள் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். அடி ஒன்றும் படவில்லை. அம்மாவிடம் மூச்சு விடாதே.

போன சனிக்கிழமை என் கிளினிக்குக்கு ஒரு பையன், கோடீன் கலந்த இருமல் மருந்துதான் வேண்டும் என்று வந்தான். மூன்று வாரத்தில் நாலாவது தடவை, நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. இங்கே ‘சுகர்ஸ்’ என்றால் ஹெராயின் கலந்த மலிவுச் சரக்கு, இந்த ஊரில் அது தொடாத தெரு இல்லை. அது கிடைக்காத நாளில் உடம்பு முறுக்குவதைக் கோடீன் கொஞ்சம் தணிக்கும். மருந்து எழுத மாட்டேன், பழக்கத்தை விட நினைத்தால் சொல், இப்போதே போன் செய்து மறுவாழ்வு மையத்தில் இடம் கேட்கிறேன் என்றேன். பிரஷர் மெஷினைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அப்புறம் எழுந்து நின்றான். கதவு அவனுக்குப் பின்னால். எனக்குப் பின்னால் ஜன்னல், அதில் கம்பி. நாற்காலி எப்போதும் கதவுப் பக்கம் இருக்கணும் என்று சைக்கியாட்ரி வார்டில் நம் வழுக்கை வாத்தியார் தொண்டை கிழியக் கத்தினாரே, நாம் அவர் தலையைப் படம் வரைந்துகொண்டிருந்தோமே, அது அப்போதுதான் ஞாபகம் வந்தது!

வெளியே ரிசப்ஷன் பெண் பேனிக் பட்டனை அழுத்திவிட்டாள். போலீசுக்கு முன்னால் துப்பாக்கியோடு காவல் கம்பெனிக்காரர்கள்தான் வருவார்கள். அதற்குள் அவன் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போய்விட்டான்.

வந்த காவல்காரர்கள் இன்னும் கிளம்பவில்லை, அதற்குள் என் பழைய பேஷன்ட் தாத்தா வந்தார். வரிசை தாண்டி, ரிசப்ஷன் மேசையை ஓங்கித் தட்டி, அந்தப் பெண்ணைக் காது கூசும் வார்த்தை சொன்னார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, ‘வெளியே தள்ளுங்கள்’ என்றே சொல்லிவிட்டேன். அவர் கையைப் பிடித்த ஜூலு காவலாளிதான் தயங்கி நின்றான். “டாக்டர், இவர் வியர்வையில் முழுக்க நனைந்திருக்கிறார்.”

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.3, உங்கள் கணக்கில் 41, ஒரேயடியாக இறங்கியிருந்தது. புரட்டாசிச் சனி, விரதம். 1860-இலிருந்து கரும்புக் காட்டுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் விரதத்தில் நம்மைவிடக் கறார். சாப்பிடாமல், காலை சர்க்கரை மாத்திரை கிளிக்ளசைடை மட்டும் பழக்கதோஷத்தில் விழுங்கியிருக்கிறார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். இருபது நிமிடத்தில், “நான் ஏதாவது சொன்னேனாம்மா?” என்றார். “ஒன்றுமில்லை தாத்தா” என்றாள் அந்தப் பெண். கண் சிவந்திருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 2003 சுகாதாரச் சட்டம் 20ஆம் பிரிவு, கை நீட்டுகிறவரை, வசைபாடுகிறவரைப் பார்க்க மறுக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் அவசர சிகிச்சையை மட்டும் யாருக்கும் மறுக்க முடியாது, அது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. தாத்தாவை நான் தள்ளச் சொன்ன நிமிடம் அவர் எந்தப் பக்கம் இருந்தார், சொல்.

2024 நவம்பரில் கிண்டியில் புற்றுநோய் டாக்டரை நோயாளியின் மகன் குத்தியபோது நீ அழுதுகொண்டே பேசினாய், நான் ‘பத்திரமாக இரு’ என்று எருமை மாதிரி ஒரு வரி அனுப்பினேன். மன்னித்துக்கொள்.

திங்களன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இனி வேறு டாக்டரைப் பார்த்துக்கொள், உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் வா என்று பையனுக்குக் கடிதமும் போட்டுவிட்டேன். அதில் வருத்தமில்லை. செவ்வாயன்று அவன் ஆயா பிரஷர் மாத்திரைக்கு வந்தார். எப்போதும் ஒரு கட்டு முருங்கைக் கீரையோடு வருகிறவர், வெறுங்கையோடு வந்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு, பேரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனார்.

உன்
குண்டு