எங்கள் பிள்ளைகளுக்கு எழுத ஒரு தாள் கொடுங்கள்

கொழும்பில் மருத்துவத் தொடர்பாடல் நிறுவனங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் அன்பர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். பதினொரு வருடமாக நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். மருந்துப் பரிசோதனை அறிக்கைகள், ஆய்வுக் கட்டுரைகள், நோயாளருக்கான கையேடுகள் எழுதுவதும் திருத்துவதும் என் வேலை. தகுதியான ஆட்கள் கிடைப்பதில்லை என்று உங்கள் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கிறேன். ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் தேடுகிற முறையில் அகப்படாமல் போகிறார்கள்.

என்னிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதப் பழகும் பிள்ளை ஒருத்தி போன வருடம் இப்படியொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். உயிரியல் பட்டதாரி. இரவு ரயிலில் போய், விடியற்காலையில் கோட்டையில் இறங்கி, நிலையத்திலேயே முகம் கழுவிக்கொண்டு நேர்முகத்துக்குப் போனாள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கொழும்பில் தங்க முடியுமா, இரண்டு வருட அனுபவம் இருக்கிறதா, ஆங்கிலத்தில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். எழுத்து வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஒரு பந்தி எழுதித் தாருங்கள் என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? மருந்துப் பரிசோதனையில் சேர்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவத்திலிருந்து ஒரு வரியைப் பயிற்சிக்காக அவளிடம் கொடுத்தேன். "பங்குபற்றுநர்கள் எழுமாற்றாக இரு குழுக்களில் ஒன்றுக்கு ஒதுக்கப்படுவர்; ஒரு குழு மருந்துப்போலியைப் பெறும்." பாடப்புத்தகத் தமிழ், பிழையில்லை. ஆனால் மூதூரிலிருந்து பஸ் ஏறி கிளினிக்குக்கு வரும் ஒரு ஐயாவுக்கு இதில் எது விளங்கும்? அவள் இப்படி மாற்றினாள்: "உங்களுக்கு எந்தக் குளிசை தருவது என்பதை வைத்தியர் தெரிவு செய்ய மாட்டார். சீட்டுக் குலுக்கி எடுப்பது போல அது முடிவாகும். பாதிப் பேருக்கு மருந்து உள்ள குளிசை கிடைக்கும். மற்றப் பாதிப் பேருக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் மருந்து இல்லாத குளிசை கிடைக்கும்."

எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அக்கா, இரண்டு குழு என்றுதானே இருக்கிறது? ஆளுக்குப் பாதி என்று எங்கேயும் இல்லையே. ஆய்வுத் திட்டத்தைப் பார்க்காமல் நான் எப்படிப் பாதி என்று எழுதுவது?" என்று கேட்டு, அந்தச் சொல்லை இரண்டு இடத்திலும் வெட்டினாள். சரியான கேள்வி. மூன்றில் இரண்டு பங்கினருக்கு மருந்து கொடுக்கும் பரிசோதனைகளும் உண்டு. எளிமையாக எழுதப் பலருக்கு முடியும். எளிமையாக்கும்போது இல்லாததைச் சேர்த்துவிட்டோமா என்று தானாகவே நின்று பார்க்கிறவர் ஆயிரத்தில் ஒருவர். அப்படி ஒருத்தியைத்தான் அந்தப் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

இந்தத் திறமைக்கு உங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரே காசு கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 536/2014 ஒழுங்குவிதி 2022 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருந்துப் பரிசோதனை முடிவுகளைச் சாதாரண மக்களுக்கு விளங்கும் மொழியிலும் சுருக்கித் தர வேண்டும் என்று அது சொல்கிறது.

எங்கள் ஊருக்கும் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை நாங்கள் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அப்போது என் கைக்கு வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் "ஸ்டீரொயிட் அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகளைத் தவிர்க்கவும்" என்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, காய்ச்சலில் கிடந்த பிள்ளையைக் காட்டி, "அப்ப இவனுக்கு புரூபன் குடுக்கலாம்தானே?" என்று என்னிடம் கேட்டார். துண்டுப் பிரசுரம் தவிர்க்கச் சொன்ன வகையைச் சேர்ந்ததுதான் புரூபன். கொடுக்கவே கூடாத மருந்து அது. "காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், புரூபன் கொடுக்க வேண்டாம், இரத்தக் கசிவு வரலாம்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆங்கிலத்தில் எல்லாம் தயாரான பிறகு, கடைசி நாளில் யாரோ ஒருவரிடம் தமிழாக்கத்துக்குத் தள்ளிவிடுவதால்தான் இப்படி வருகிறது. தமிழில் எழுதுகிறவரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள்.

அனுபவம் உள்ளவர்தான் வேண்டும் என்கிறீர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனுக்கு, தமிழில் மருத்துவம் எழுதிய அனுபவசாலிகள் எங்கே இருந்தார்கள்? மானிப்பாயில் தன் மாணவர்களைப் பழக்கி, அவர்களோடு சேர்ந்துதான் மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இன்று அந்தளவு சிரமம்கூட இல்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சித்த மருத்துவமும் மொழி, தொடர்பாடல் கற்கைகளும் அந்த ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஒரு முறையாவது வந்து பாருங்கள். மருந்தாளர்கள், தாதியர், ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் என்று ஊருக்குள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சுயவிபரக்கோவையைப் பார்த்து ஆட்களைக் கழிப்பதற்கு முன் இரண்டு மணித்தியாலச் சோதனை வையுங்கள். ஒரு அட்டவணையைக் கொடுத்து அதை ஒரு பந்தியாக எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள், இல்லாவிட்டால் இலவச வேலை வாங்குகிறீர்கள் என்று ஆகிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்ய விடுங்கள். நான் பதினொரு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். வேலைக்கு எடுக்கும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஆய்வுக் கட்டுரைக்கு எழுத்து உதவி செய்தவரின் பெயரையும், அதற்குக் காசு கொடுத்தது யார் என்பதையும் கட்டுரையின் நன்றி பகுதியில் போட வேண்டும். எழுத்து உதவி செய்தவரை அங்கே குறிப்பிடுவது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறி. பெயர் மறைத்து எழுதுவதுதான் இந்தத் தொழில் என்று எங்கள் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது.

அந்தப் பிள்ளை இப்போது நிலாவெளியில் உயர்தர மாணவருக்கு ட்யூஷன் வகுப்பு எடுக்கிறாள். பின்னேரம் நான்கு மணிவரை அவளுக்கு நேரம் இருக்கிறது. சோதனைத் தாளை எந்த நாளிலும் அனுப்பலாம்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து ஒரு மருத்துவ எழுத்தாளர்