காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ செய்துகொண்டிருக்கும் எட்டுப் பொத்தான் வாத்தியத்தின் போட்டோக்களும் ஒலிப்பதிவும் நேற்று ராத்திரி வந்து சேர்ந்தன. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும். மேஜையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க எழுத்துதான் வசதி. அதனால் எழுதுகிறேன்.

“கீழே மூன்று பொத்தான் ஊமை, மற்ற ஐந்தும் பாடுகிறது. போர்டு வீணாகிவிட்டதா அப்பா?” என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வீணாகவில்லை, கண்ணு. ஐந்து பொத்தான் பாடினால் பேட்டரி சரி, ஸ்பீக்கர் சரி, நடுவில் இருக்கும் 555 ஐ.சி.யும் சரி என்று அர்த்தம். நீ முதல்முதலாகப் பற்றவைக்கும் அயர்னைக் கையில் எடுத்து அறுபதுக்கு மேல் முனைகளைப் பற்றவைத்திருக்கிறாய். அதில் ஒன்றுதான் சரியாகப் பிடிக்கவில்லை. எது என்றும் எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். அந்த 555, ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971-ல் வடிவமைத்தது. மொத்தம் எட்டுக் கால்கள்தான். ஐம்பது வருஷம் தாண்டியும் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரை ஒரு தொட்டி என்று வைத்துக்கொள். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் வழியாக அது நிரம்புகிறது. பேட்டரி வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் 555 மடையைத் திறந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மூடிவிடும், மறுபடி நிரம்பும். இப்படி ஒரு முறை நிரம்பி வடிந்தால் ஸ்பீக்கரில் ஓர் அதிர்வு. நொடிக்கு 196 தடவை நடந்தால் அதுதான் அம்மா பாடும் ஐந்து கட்டை ஷட்ஜம். ரெசிஸ்டர் மதிப்பு கூடினால் நிரம்ப நேரமாகும், சுருதி இறங்கும்.

உன் போர்டில் ரெசிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொத்தான். மேல் ஸ தொடக்கத்திலேயே இருக்கிறது, நி அடுத்து, இப்படியே போய் கீழ் ஸ கடைசியில். கோவையில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ளதெல்லாம் ஊமை. ஸ, ரி, க மூன்றும் பேசவில்லை, ம பேசுகிறது. அப்படியானால் அறுந்திருப்பது க-வுக்கும் ம-வுக்கும் நடுவில் இருக்கும் ரெசிஸ்டர். இரண்டாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் இடது காலில் ஈயம் உருண்டையாக நிற்கிறது. காலைச் சுற்றி மயிரிழை அளவு ஒரு கறுப்பு வளையம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி, மேலே இருக்கிறது, ஒட்டவில்லை.

நல்ல பற்றவைப்பு எப்படி இருக்கும் தெரியுமா? கன்றுக்கு மண் அணைத்த மாதிரி. காலின் மேல் மெலிந்து ஏறி, அடியில் சரிந்து, போர்டில் காலைச் சுற்றியுள்ள செம்பு வட்டத்தின் விளிம்புவரை பரவியிருக்கும். நீ ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி, சொட்டாக எடுத்து வந்து காலில் வைத்திருக்கிறாய். கடையில் வேலை பழக வந்த பையன்கள் எல்லாரும் முதல் வாரம் இதைத்தான் செய்வார்கள். ஈயக் கம்பிக்குள் ரோசின் இருக்கிறது. செம்பின் மேலிருக்கும் களிம்பை நீக்குவது அதன் வேலை. நுனியிலேயே உருக்கினால் அது அங்கேயே புகையாகிப் போய்விடும், காலுக்கு வந்து சேருவது வெறும் உலோகம். அயர்னை காலும் வட்டமும் சேரும் மூலையில் வை. இரண்டும் சூடாக ஒன்று, இரண்டு என்று எண்ணு. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயத்தைக் கொடு. அயர்னைத் தொடாமலே உருகி ஓடும். முதலில் ஈயத்தை எடு, பிறகு அயர்னை எடு. உறையும்வரை போர்டை அசைக்காதே.

இப்போது அந்த முனையை என்ன செய்வது? பேட்டரியைக் கழற்றிவிடு. உருண்டையை பம்ப்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புது ஈயம் வைத்து மேலே சொன்னபடி செய். பழையதையே சூடாக்கினால் போதாது, அதில் ரோசின் மிச்சம் இருக்காது.

இன்னொன்று. சாமான் பெட்டியோடு வந்த பற்றவைக்கும் கம்பியை நாம் ஈயம் என்று சொன்னாலும், அதில் காரீயம் இல்லை என்று அதன் சீட்டிலேயே போட்டிருக்கிறது. ஐரோப்பாவில் 2006-லிருந்து மின்னணுச் சாமான்களில் காரீயத்துக்குத் தடை, அதனால் அப்படித்தான் வரும். எங்கள் காலத்து வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். உன்னுடையது உருக 217 வேண்டும். அயர்னை 370 பக்கத்தில் வைத்துக்கொள். ஆறியதும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், அதற்காகக் கவலைப்பட்டு மறுபடி மறுபடி சுடாதே. எனக்கு மினுமினுப்பைப் பார்த்தே பழக்கம், உன் போர்டில் அந்தக் கணக்கு செல்லாது. வடிவத்தைப் பார். ரொம்ப நேரம் சுட்டால் செம்பு வட்டமே உரிந்து வந்துவிடும்.

நான் பழகிய அயர்னுக்குச் செம்பு நுனி. கறுத்துப்போனால் அரத்தால் ராவுவோம். உன் அயர்னின் நுனிக்கு மேலே இரும்புப் பூச்சு இருக்கிறது. அதை அரத்தாலோ உப்புத்தாளாலோ தொடவே தொடாதே. ஈரப் பஞ்சில் ஒரு துடை, முடிக்கும்போது நுனியில் கொஞ்சம் ஈயம் பூசி வை, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள், புகையின் நேர் மேலே குனியாதே. கால்களை வெட்டும்போது துண்டைக் கையால் பிடித்துக்கொள், கண்ணுக்குத் தெறிக்கும். குளிர் என்று ஜன்னலைச் சாத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அம்மாவின் சுருதிப் பெட்டி நினைவிருக்கிறதா? பூஜை அறை அலமாரியில் பிளைவுட் பெட்டிக்குள் இருக்குமே, அது. பெங்களூரில் ராஜ் நாராயண் 1979-லேயே மின்னணுத் தம்பூரா செய்துவிட்டார். கடையில் வாங்க அன்றைக்கு என்னிடம் பணம் இல்லை. 1987-ல் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் மூன்று 555-உம் சில்லறைச் சாமான்களும் வாங்கி வந்தேன். கீழ் ஸ, ப, மேல் ஸ, ஆளுக்கொன்று. கீழ் ஸ-வுக்கு 33 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது அதன் மேல் மூன்று ஆரஞ்சுப் பட்டை. அதோடு திருகிச் சரிசெய்ய ஒரு பிரிசெட். ஷட்ஜம் இரண்டு அதிர்வதற்குள் பஞ்சமம் மூன்று அதிர வேண்டும், அது ஒன்றுதான் கணக்கு. மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்தால் சத்தம் ஊஞ்சல் மாதிரி ஆடும். திருகத் திருக ஆட்டம் மெதுவாகி, ஒரு புள்ளியில் நின்றுவிடும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு “இன்னும்... இன்னும்... போதும்” என்று சொல்ல, நான் திருகினேன்.

நவராத்திரியில் கொலு முன்னால் அம்மாவிடம் பாட்டு கற்கும் பிள்ளைகள் பாடுவதாக ஏற்பாடு. காலையில் சேர்த்து வைத்த சுருதி, மதிய வெயில் ஏற ஏறத் தானும் ஏறிவிட்டது. பஞ்சமம் ஒரு பக்கம், ஷட்ஜம் ஒரு பக்கம். அம்மா பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், தானே ஸ பிடித்துக்கொடுத்துப் பாடவைத்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த வருத்தத்தை யாரிடமும் சொன்னதில்லை. நான் போட்டிருந்தது சாதாரண பீங்கான் வில்லைக் கெப்பாசிட்டர், 104 என்று அச்சடித்தது. சூட்டுக்கு அதன் மதிப்பு குறையும், சுருதி ஏறும். பச்சை நிற பாலியெஸ்டர் கெப்பாசிட்டராக மாற்றிய பிறகு அந்தத் தொல்லை போனது. நீ பிறந்தபோது உன்னைத் தூங்கவைக்க அம்மா அதைத்தான் போடுவாள்.

அதனால்தான் இதையும் சொல்கிறேன். உன் ஒலிப்பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டதும் “சங்கராபரணம் மாதிரி இருக்கு” என்றாள், கூடவே “மத்திமம் கொஞ்சம் ஏறியிருக்கு” என்றாள். அம்மா சொன்னால் சரியாக இருக்கும். உன் ரெசிஸ்டர்களில் கடைசிப் பட்டை தங்க நிறம், 5 சதவீதம் கூடலாம் குறையலாம் என்று அர்த்தம். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே ஏறக்குறைய 6 சதவீதம்தான். கோவையில் ஒன்று பிசகினால் அதற்குக் கீழே உள்ளதும் சேர்ந்து பிசகும். ஆகவே இப்போதைக்கு அதே ரெசிஸ்டரோடு மூன்று ஊமையையும் பேசவை. அப்புறம் பழுப்புப் பட்டையோடு வரும் 1 சதவீத ரெசிஸ்டர்கள் வாங்கிக் கோவையை மாற்றலாம். மேல் ஸ-விலிருந்து ஆரம்பித்துக் கீழே வா, நடுவிலிருந்து தொடங்காதே.

சனிக்கிழமை செய்வதாக இருந்தால் உங்கள் நேரம் காலை பத்து மணிக்குப் போடு. இங்கே அம்மா அடுத்த வகுப்புக்கு உட்காரும் முன் கொஞ்ச நேரம் இருக்கும். நான் சுருதிப் பெட்டியைப் போட்டு போன் பக்கத்தில் வைக்கிறேன். நீ கீழ் ஸ-வை அமுக்கு, அம்மா கேட்டுச் சொல்வாள்.

அன்புடன்,
அப்பா