கடலோரம் வாழக் கற்றுத்தந்த எல்லோருக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் இருக்கும் நம் கடப்புறத்து அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும், மாமா மாமிமாருக்கும், என்னை டீச்சர் என்று கூப்பிடும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இது வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி. ஆனால் நான் வரும் நேரத்தில் பாதிப்பேர் கடலில் இருப்பீர்கள், மீதிப்பேர் சந்தையில் இருப்பீர்கள். ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் மட்டும் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

திருவண்ணாமலைப் பக்கத்து மானாவாரி ஊர் எங்களுடையது. ஏரி தெரியும், கிணறு தெரியும். கடல் என்பது பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துவிட்டுத் திரும்பும் இடம். எனக்கு இங்கே வேலை மாற்றல் வந்தபோது பிள்ளைகள் துள்ளினார்கள், என் மாமியார் அழுதார். 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பார்த்தது அவர் மனதை விட்டு இன்னும் போகவில்லை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்ற பெயர்களை அவர் கேள்விப்பட்டதே அன்றைக்குத்தான். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் போய்க் குடியிருப்பதா என்று கேட்டார். அவரேதான் இன்று சாயங்காலம் ஆனால் வலைக்கூடத்துத் திண்ணையில் உங்களோடு உட்கார்ந்து நெத்திலி விலை பேசுகிறார். இது தானாக நடக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாக நீங்கள் செய்தது.

முதலில் எதிர்வீட்டு அக்காவுக்கு. நாங்கள் சாமான் இறக்கிய அன்றே வந்து சன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தார். "இரும்பு இங்க நிக்காது, மழைக்கு முன்னாடி ஒரு தடவை பெயின்ட் அடிச்சுரணும்" என்றார். உப்புக்காற்று வீட்டுக்குள் என்னவெல்லாம் செய்யும் என்று ஒவ்வொன்றாகக் காட்டியவர் அவர்தான். இன்வெர்ட்டர் பேட்டரி முனைகளில் வாசலின் தடவுவது, வாரம் ஒரு தடவை ஸ்கூட்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, கதவுக் கீலுக்குக் கிரீஸ் போடுவது, கொல்லைப் பக்கத்துத் தாழ்ப்பாளை எவர்சில்வராக மாற்றுவது எல்லாம் அவர் சொன்னவை. கோடையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பதால் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைக்கச் சொன்னார். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஆனியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை என்று வீட்டைத் தயார் செய்யும் கணக்கு இப்போது எங்களுக்கும் பழகிவிட்டது.

அவர் வீட்டு வாசலுக்கு உள்பக்கம் ஓர் ஆணியில் எப்போதும் ஒரு பை தொங்கும். ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மீனவர் நலவாரிய அட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். கூடவே ஒரு டார்ச், மாத்திரை, கொஞ்சம் அவல். சுனாமிக்குப் பிறகு மாட்டிய பையாம். ஒக்கி புயல் சமயத்தில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். 2017 நவம்பர் 29ஆம் தேதி இரவு படுத்து மறுநாள் எழுந்தபோது தென்னையும் வாழையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்ததையும், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போனவர்களின் வீட்டார் நாள்கணக்கில் கரையைப் பார்த்துக் காத்துக்கிடந்ததையும் அவர் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அதற்குமேல் நான் கேட்டதில்லை. மறுநாளே எங்கள் வீட்டிலும் ஓர் ஆணி அடித்து ஒரு பை மாட்டினோம்.

அடுத்து, வலைக்கூடத்துப் பெரியவருக்கு. மாமா, நீங்கள் சொல்லித்தந்ததற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் ஈடாகாது. காற்றில் வாடை எது, சோழகம் எது, கொண்டல் எது என்று முகத்தைத் திருப்பிவைத்துக் காட்டினீர்கள். மேலே அலை ஒரு பக்கம் போகும், உள்ளே நீவாடு என்னும் நீரோட்டம் வேறு பக்கம் ஓடும் என்று மிதக்கும் தக்கையை வைத்தே என் மகனுக்கு விளக்கினீர்கள். ஆனி ஆடியில் நம் கரை மணலைக் கடல் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து நான் பதறியபோது, மழைக்காலம் கழிந்தால் திரும்பக் கொண்டுவந்து போடும், பொறு என்றீர்கள். அப்படியே வந்தது. கரையைக் காக்கக் கடலுக்குள் கல்லடுக்கித் தூண்டில் வளைவு போட்ட இடங்களில் ஒரு பக்கம் மணல் சேர்வதும் மறுபக்கம் கரை அறுபடுவதும் ஏன் என்றும் நீங்கள் சொல்லித்தான் புரிந்தது. கரையோரத்து அடும்புக்கொடியைப் பிள்ளைகள் பிடுங்கினால் நீங்கள் ஏன் சத்தம் போடுகிறீர்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. மணலைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கொடிதானே.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்திருக்கும். ஆனாலும் அலை திடீரென்று ஏறி வீட்டு வாசல்வரை வந்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை பல நாள் கழித்து இங்கே வந்து சேர்வதுதான் அது. 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். இதைச் சொல்லிவிட்டு நீங்கள் சொன்ன வார்த்தையை நான் வகுப்பில்கூடச் சொல்வதுண்டு: "மக்களே, காத்து நமக்குச் சொல்லாததை ஐதராபாத்துக்காரன் சொல்லுதான். கேட்டுக்கிடணும்." ஐதராபாத்தில் இருக்கும் பெருங்கடல் தகவல் சேவை மையம் தரும் அலை எச்சரிக்கையைத்தான் சொல்கிறீர்கள். அறுபது வருஷம் கடலைப் படித்த மனிதர், தன் கண்ணுக்கு எட்டாதது எது என்றும் தெரிந்துவைத்திருக்கிறார். கடலோர மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று வெளியில் யாராவது பேசினால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. வந்து இந்தத் திண்ணையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

அந்த எச்சரிக்கை வந்தவுடன் கோயில் மைக்கில் அறிவிக்கும் பங்குச்சாமியாருக்கும், மைக் சத்தம் எட்டாத கடைசித் தெருவுக்கு சைக்கிளில் ஓடிப்போய்ச் சொல்லும் தம்பிகளுக்கும் நன்றி. அதே தம்பிகள்தான் சாயங்காலம் மணலில் பந்து விளையாடும்போது என் மகளையும் கோல் காக்க நிறுத்தினார்கள். கடலில் இறங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியதும் அவர்கள்தான். இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுக்கும். இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போக வேண்டும். எங்கள் ஊரில் இருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு என் மகள் இதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். அமைதியான இடமாகப் பார்த்துத்தானே வெளியூர்க்காரர்கள் இறங்குகிறார்கள்.

சரி, மீனுக்கு வருகிறேன். கடவம் என்னும் மீன்கூடையோடு காலையில் தெருவுக்கு வரும் மாமிக்கு நான் பட்ட கடன் பெரியது. செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பைப் பார்ப்பது, கண் குழிந்திருக்கிறதா என்று பார்ப்பது, வயிற்றை அமுக்கிப் பார்ப்பது எல்லாம் தன் கடவத்து மீனை வைத்தே கற்றுத்தந்தார். தன் மீனில் குறை கண்டுபிடிக்கும் வித்தையைத் தன்னிடம் வாங்குபவளுக்கே சொல்லித்தரும் வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாளை என்னும் மத்தி எப்போது கொழுத்திருக்கும், அயலை என்னும் கானாங்கெளுத்தியை எப்போது வாங்கக்கூடாது, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது வள்ளத்துக்காரர்கள் பிடித்துவரும் மீனை நம்பி என்ன சமைக்கலாம் என்று வருஷம் முழுக்க எனக்கு வழிகாட்டினார். தடை முடிந்து கணவாயும் வாளையும் குவியும் நாளில், "இன்னைக்கு வாங்காத, நாளைக்கு விலை இறங்கும்" என்று சொன்னவரும் அவர்தான்.

நெத்திலி அவியலும் அவர் தந்ததுதான். தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், மஞ்சள், சின்ன உள்ளி எல்லாம் சேர்த்துக் கரகரப்பாக அரைக்க வேண்டும். நைஸாக அரைத்தால் ருசி போய்விடும். மண்சட்டியில் மாங்காய்த் துண்டும் அரைப்பும் கொதித்த பிறகுதான் நெத்திலி. அதற்கப்புறம் கரண்டியே போடக்கூடாது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். இறக்கியதும் பச்சைத் தேங்காயெண்ணெய், கருவேப்பிலை. கூடவே வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிய மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. என் மாமியார் பிறந்ததில் இருந்து நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் மட்டும் சாப்பிட்டவர். முதல் வாய் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, இரண்டாவது தடவை கிழங்கு கேட்டார். அவருக்கு இந்த ஊரோடு ராசியானது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ராசியானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன டிசம்பர் 26 அன்று இறந்தவர்களுக்காக நடந்த செபத்துக்கு எதிர்வீட்டு அக்கா அவரைக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவர், "அத்தனை பேரைக் கொடுத்துட்டு இவங்க இங்கயே இருக்காங்களே" என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் வலைக்கூடத்துக்குத் தானாகவே கிளம்பினார். தரை அதிர்ந்தாலோ, கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினாலோ யாரையும் கேட்காமல் எந்தச் சந்து வழியாக மேட்டுக்கு ஏற வேண்டும் என்று அங்கே இருந்த மாமிமார் அவரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முழங்கால் வலிக்காரர் என்பதால் எங்கே நின்று மூச்சு வாங்கலாம் என்பதுவரை சொன்னார்கள். அதன்பிறகு அவர் கடலைப் பார்த்துப் பயந்து நான் பார்க்கவில்லை. தயாராக இருப்பது என்றால் எந்நேரமும் பயந்துகொண்டிருப்பது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வழி தெரிந்தபிறகுதான் அவருக்கு முட்டத்துப் பாறையில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்கவே மனம் வந்தது.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அண்ணனுக்கும், பொங்கலுக்கு எங்கள் வாசலில் கோலம் போட வந்த பிள்ளைகளுக்கும், காய்ச்சல் என்று தெரிந்ததும் மட்டிப்பழச் சீப்போடு வந்து நின்ற பின்வீட்டு மாமாவுக்கும் நன்றி.

இப்போது ஒரு வேலை. நீங்கள் சொன்னதையெல்லாம் என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறார்கள். காற்று, நீவாடு, மீன் மாதம், பையில் வைக்க வேண்டியவை, மேட்டுக்குப் போகும் சந்துகள் எல்லாம் இருக்கின்றன. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554 என்று தொலைபேசி எண்களும் முதல் பக்கத்தில் உள்ளன. நம் ஊருக்குப் புதிதாகக் குடிவரும் வீடுகளுக்குக் கொடுப்பதற்காக எழுதியது. நோட்டை வலைக்கூடத்தில் வைத்திருக்கிறேன். விட்டுப்போனது ஏதும் இருந்தால் பக்கத்திலேயே பென்சிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், எழுதிவிடுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொன்னால் போதும், அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

அன்போடும் நன்றியோடும்,
உங்கள் தெரு டீச்சரும் குடும்பமும்