அவர் பார்க்காத மதிய நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கத்து வீட்டு நாயைப் பற்றி எழுதுகிறேன். பெயர் மணி. எங்கள் வீடு மாடியில் இருப்பதால், சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வீட்டு மேற்குச் சுவரும் அங்கே மணியைக் கட்டியிருக்கும் இடமும் நேராகத் தெரியும்.

மணியை வளர்க்கும் தம்பி தனியாக இருப்பவர். காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். கிளம்பும் முன் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மணியின் தலையைத் தடவிவிட்டுத்தான் போவார்.

வெயில் காலம் தொடங்கியதும் மணி பகலெல்லாம் குரைத்தது. எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வாரத்தில் குரைப்பு நின்றபோது 'அப்பாடா' என்று இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. இரண்டு நாள் கழித்து மதியம் எட்டிப் பார்த்தேன். காலையில் இருந்த நிழல் துளிகூட இல்லை. கிண்ணம் சங்கிலி பட்டுக் கவிழ்ந்து கிடந்தது. மணி ஒருக்களித்துப் படுத்து இரைத்துக்கொண்டிருந்தது. எச்சில் கெட்டியாக நூல்போல வடிந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, கால் தள்ளாடியது.

நானும் என் மகனும் ஓடிப்போய் நிழலுக்கு இழுத்து, வயிற்றிலும் கால்களிலும் தண்ணீர் ஊற்றி விசிறினோம். அந்தத் தம்பியைக் கூப்பிட எங்களிடம் போன் நம்பர்கூட இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் வாங்கி வைக்கவில்லை. நாங்களே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனோம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னார். அதன் இயல்பான வெப்பநிலையே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மணி பிழைத்துவிட்டது.

அன்று இரவு அந்தத் தம்பியைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு மாதிரி கேட்டேன். "பன்னிரண்டு மணிக்கு மேல அங்க வெயில் வந்துடும், தெரியுமா தம்பி?" அவருக்குத் தெரியவில்லை. அவர் கிளம்பும்போது அங்கே நிழல், திரும்பும்போது இருட்டு. நடுவில் நடந்ததைப் பார்க்க முடிந்தது எனக்குத்தான். நான்தான் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டுப் பிராணியிடம் ஏதாவது சரியில்லை என்று பட்டால், அன்றைக்கே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். விடாமல் குரைப்பதும், குரைத்த நாய் திடீரென அடங்கிப்போவதும், தீனி அப்படியே கிடப்பதும் கவனிக்க வேண்டியவை. சொல்லியும் கேட்காதவர்கள் இருக்கிறார்கள். அப்போது தேதி, நேரத்தோடு படம் எடுத்து விலங்கு நல அமைப்பிடம் போக வேண்டியதுதான். ஆனால் முதலில் கதவைத் தட்டுங்கள். இன்னொன்று, கேட்காமல் எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் எல்லாம் நாய்க்கு நஞ்சு. பாசத்தில் நானே மணிக்கு ஒருமுறை சாக்லேட் பிஸ்கட் போட்டிருக்கிறேன்.

இப்போது மணி பகலில் வீட்டுக்குள் இருக்கிறது. சங்கிலி இல்லை, கவிழாத கனமான தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அந்த வீட்டுச் சாவி ஒன்று எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிறது. மதியம் ஒரு மணிக்கு நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி