34 கைகள்

அன்பின் மச்சான்,

மார்கழியில் நீ எழுதியதற்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதென்றால் இந்த இடத்திலேயே திட்டி முடித்துவிடு. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் மட்டும். நாங்கள் ஒலிபெருக்கி என்று பட்டம் வைத்தவன் இரண்டாவது மகளுக்கும் கலியாணம் பேசிவிட்டான், மாப்பிள்ளை வீட்டாருக்கு இனிமேல்தான் தெரியும்.

உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறு. போன கடிதத்தில் இரண்டு பக்கத்துக்கு உங்கள் அமெரிக்கச் செனட் சபையைக் கிழித்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? நூறு பேர் சபையில் சட்டம் நிறைவேற 51 போதும், ஆனால் பேச்சை முடித்து அந்த வாக்கெடுப்புக்குப் போகவே 60 வேண்டும், படலையைத் திறக்க 60 பேர், வீட்டுக்குள் குடியிருக்க 51 பேர், எந்த மடையன் கட்டிய வீடு என்று கேட்டிருந்தாய். சரிதானே, பாதிக்கு மேல் ஒரு கை இருந்தால் போதாதா என்று நானும் நினைத்தேன். போன ஞாயிறு அதைச் செய்தும் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து நித்திரை சரியில்லை.

சிறுபோக விதைப்புக் கூட்டத்துக்கு அதிகாரிகள் வருமுன் நாங்களே ஒரு முடிவுக்கு வருவோம் என்று வாசிகசாலையில் கூடினோம். கமக்காரர் அமைப்புக்கு இந்த முறை தலைவர் நான்தான், சிரிக்காதே. குளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நிற்கிறது. மேல் வாய்க்கால்கள் முழுதாக விதைத்துக் கடைவாய்க்காலை இந்தப் போகம் தரிசாக விடுவதா, இல்லை ஆளுக்குப் பாதி விதைப்பதா, இதுதான் கேள்வி. கடைவாய்க்கால் பெரியவர் எழும்பினார். உனக்குத் தெரியும், அவர் தொடங்கினால் குளம் கட்டின காலத்திலிருந்துதான் வருவார். வந்தார். எந்த வருடம் குளம் நிரம்பி வான் பாய்ந்தது, எந்த வருடம் மதகில் துருசுப் பலகை உக்கியது, இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வாய்க்காலுக்குள் பற்றை எவ்வளவு உயரம் நின்றது என்று ஒவ்வொன்றாக. மணி பன்னிரண்டரை, தகரக் கூரை கொதிக்கிறது. பின்னாலிருந்து "காணும் ஐயா" என்று ஒரு குரல், பிறகு நாலு குரல். நான் எழும்பி, "இருங்கோ ஐயா, பேச்சை இத்தோட நிப்பாட்டுவமா எண்டு கை தூக்கிப் பாப்பம்" என்றேன். நிறுத்தச் சொல்லி 34 கை, வேண்டாமென்று 29. ஐந்து கை வித்தியாசத்தில் பெரியவர் இருந்துவிட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் கடைவாய்க்கால் விதைப்பதில்லை என்று முடிவு.

அவர் கையில் ஒரு கொப்பி இருந்ததை நான் கண்டேன். கடைசி வரை அதைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மனம் கேளாமல் வீட்டுக்குப் போனபோது காட்டினார். போன சிறுபோகம் முழுக்க எந்த நாள் எத்தனை மணிக்குத் துருசு திறந்தது, தன் வயல் வாசலுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் பென்சிலால். 22 முறை திறந்ததில் 9 முறைதான் வந்திருக்கிறது. மிச்சம் எங்கே போனது என்றும் எழுதி வைத்திருக்கிறார், இரண்டாம் வாய்க்கால் கரையில் வெட்டி வைத்த இரண்டு இடம். ஒன்று யாருடைய காணிக்கு நேரே தெரியுமா, என் மச்சானுடையது. நீ இல்லையடா, இவளுடைய தம்பி. முதல் "காணும் ஐயா" யாருடைய குரல் என்று இப்போது விளங்குகிறது. இப்போது என்ன இப்போது, அன்றைக்கே அரைகுறையாக விளங்கியதுதான்.

இதற்காக உன் 60ஐத் தூக்கிப் பிடிக்கப் போகிறேன் என்று நினைக்காதே. அதை வைத்து என்ன செய்தார்கள் என்று மாஸ்டர் இரண்டு இரவு இருந்து எனக்குச் சொல்லித் தந்துவிட்டார். 1957இல் செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் நின்று பேசியது கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த சட்டத்துக்கு எதிராக. 1964இல் குடிசார் உரிமைகள் சட்டத்தையும் அப்படியே வாரக்கணக்கில் பேசிப் பேசி இழுத்தார்கள். அப்போது பேச்சை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கடைசியில் 71க்கு 29 என்று நிறுத்தினார்கள். கலிபோர்னியாவின் செனட்டர் கிளேர் எங்கிளுக்கு மூளையில் கட்டி, பேச்சே போய்விட்டது, சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் கையை உயர்த்திக் கண்ணைக் காட்டினாராம். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ஆம் என்ற வாக்குக்கும் ஒரே ஒலிதானே. அந்த மனுசன் சாகிற நேரத்தில் தூக்கிய கையும் பேச்சை நிறுத்தத்தான், என் 34 கையும் பேச்சை நிறுத்தத்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம்முடைய இலங்கைக் கதையைப் பார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் 56க்கு 29. அங்கே வாயை அடைக்கவில்லை, நாள்கணக்கில் பேச விட்டார்கள். அப்போது வவுனியாவின் உறுப்பினர் சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், அந்தச் சபையில் கூட்டல் கழித்தல் எப்படி முடியும் என்று அவருக்கா தெரியாது. 2010இல், ஒரே ஆள் எத்தனை முறையும் ஜனாதிபதியாகலாம் என்ற அரசியலமைப்பின் 18ஆம் திருத்தம் அவசரச் சட்டமூலமாக வந்து ஒரே நாளில் விவாதம் முடிந்து 161க்கு 17. பேச விட்டாலும் அதே முடிவு, விடாவிட்டாலும் அதே முடிவு, பிறகென்னத்துக்குப் பேச்சு என்று உன் வாய் அரிக்கும். எனக்கும் அரித்தது. 56இல் எதிர்த்ததும் 29, எங்கள் வாசிகசாலையில் எதிர்த்ததும் 29 என்று பகிடியாகச் சொன்னேன், மாஸ்டர் சிரிக்கவில்லை.

அவர் சொன்ன லண்டன் பாராளுமன்றக் கதைதான் என்னைப் பிடித்து உலுக்கியது. 1881இல் பார்னெலின் அயர்லாந்து உறுப்பினர்கள் தங்கள் நாட்டை அடக்க வந்த சட்டத்துக்கு எதிராக மாறி மாறிப் பேசி, சபை விடாமல் 41 மணி நேரம் நடந்ததாம். சபாநாயகர் பிராண்ட் எந்த விதியும் இல்லாமல் தானே எழும்பிப் பேச்சை முடித்தார். அடுத்த வருடம் அதற்கு ஒரு விதி எழுதினார்கள். இன்றைக்கும் அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆனால் முடிக்கச் சொல்லி வாக்களிப்பவர்கள் நூறு பேராவது இருக்கவேண்டும். அதற்கும் முன்னால், சிறுபான்மையின் உரிமை பறிபோகிறது என்று கண்டால் சபாநாயகர் அந்தக் கேள்வியை வாக்குக்கே விடாமல் மறுக்கலாம். எண்ணத் தொடங்குமுன் கதிரையில் இருப்பவன் யோசிக்கவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், மச்சான். அன்றைக்குக் கதிரையில் இருந்தது நான்.

இன்னொன்று, நீ கோபிக்காதே. 2013இல் செனட்டில் நியமனங்களுக்கு 60 வேண்டாம், பாதிக்கு மேல் போதும் என்று மாற்றியது உன் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான், உச்ச நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். 2017இல் குடியரசுக் கட்சிக்காரர்கள் வந்து அதையும் எடுத்துக்கொண்டார்கள். கரையை ஒருவன் வெட்டிவிட்டால் அடுத்தவன் மண்வெட்டி கொண்டுவர எவ்வளவு நேரம்.

வாற ஞாயிறு மறுபடி கூட்டம் போட்டிருக்கிறேன். காலை ஏழரைக்கு, கூரை சூடேறுமுன். முதலில் கொப்பி, பிறகுதான் கை. என் பக்கத்து ஆட்களுக்கு என்மேல் கோபம், முடிந்ததை ஏன் கிளறுகிறாய் என்கிறார்கள். மச்சான் வீட்டுப் பக்கம் வருவதில்லை, இவள் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. மறுபடி எண்ணினாலும் 34க்கு 29தான் வரும் என்று மாஸ்டர் சொல்கிறார், இருக்கலாம்.

அதைவிடப் பெரிய சந்தேகம் பெரியவர் வருவாரோ என்பது. நேற்றுப் போய்க் கேட்டேன். "நீங்கள்தான் எண்ணி முடிச்சிட்டியளே தம்பி" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை என்னிடமிருந்து வாங்கித் தட்டியில் செருகினார். நாளைக்கு மறுபடி போகிறேன், இந்த முறை ஒலிபெருக்கியையும் கூட்டிக்கொண்டு.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா இல்லையா?

அன்புடன்,
உன் பழைய பொருளாளர்